பல் வெட்டிய தபால்தலைகள்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குப் போகும் வழியில், ரயில் பாதையை ஒரு செம்மண் ரோடு குறுக்கே கடக்கிறது. அங்கே நான் கேட்மேனாக இருந்தேன். ஸ்டேஷனிலிருந்து போன் மணி அடித்தால் கேட்டை இறக்க வேண்டும், வண்டி வரும்போது பச்சைக் கொடியோடு நிற்க வேண்டும், போனதும் கேட்டை ஏற்ற வேண்டும். பக்கத்திலேயே ஒற்றை அறை. குடியிருப்பும் அதுதான், வேலை இடமும் அதுதான்.

நாள் முழுக்க ஆளில்லாத பொட்டல். கேட்டு மூடினால் மட்டும் கூட்டம் சேரும். மாட்டு வண்டி, சைக்கிள், தலையில் கூடை, பிற்பாடு கம்பெனிகள் வந்ததும் லாரி. மூடியிருக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு ஊர். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மளிகைப் பொட்டலம் மடித்த காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டப் படித்தவன். பேசுவதற்கு இந்தக் கேட்டுதான் பள்ளிக்கூடம். காத்திருக்கிற ஜனங்களின் பேச்சுக்கு ஒரு தனி ருசி உண்டு. என்ன, வண்டி போய்விட்டால் எந்தப் பேச்சும் முடிவு வரைக்கும் வராது. பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தி, மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையைத் தொடங்கினாள். மருமகள் பஸ்ஸில் ஏறினாள் என்பது வரைக்கும் வந்தது, சரக்கு வண்டி போய்விட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். அப்புறம் எத்தனையோ நாள் வந்தாள், அந்தக் கதையை மட்டும் மறுபடி எடுக்கவில்லை; அந்த மருமகள் எங்கே இறங்கினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மனைவி இறந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில்தான் அவள் உயிர் போயிற்று. நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. இருந்தும், தண்டவாளத்தை ஒட்டின அறையில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்வான் என்று அவர்களாகவே நினைத்து, பிள்ளையைத் தங்கள் போர்டிங்குக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்து அவள் மெட்ராசில் அவர்களுடைய பெண்கள் கல்லூரிக்கும் போனாள். ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் எதற்கும் என்னிடம் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் போய்ப் பார்க்கலாம். கொடியை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவேன். கல்லூரியில் பார்வையாளர் அறை என்று ஒன்று. வழவழவென்று சிவப்புத் தரை, சுவரில் மாதா படம், வரிசையாக பெஞ்சுகள். செருப்பை வெளியே விடச் சொல்லி யாரும் சொன்னதில்லை, நான்தான் விட்டுவிடுவேன். மற்ற அப்பாக்கள் கஞ்சி போட்ட சட்டையும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்து தங்கள் பெண்களிடம் இங்கிலீஷும் தமிழுமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வருஷம், முதல் தடவை போனபோது, அவள் உள்ளே வந்ததுமே நான் என் பாட்டுக்கு, "இன்னா கண்ணு, இப்டி எளைச்சிக்கினு போற, சோறு துன்றியா இல்லியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டில் பேசிப் பேசி என் குரல் எஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் பழகின குரல். பக்கத்து பெஞ்சில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரைக்கும் என்னை நைனா என்று கூப்பிட்டவள், அன்றைக்கு மெதுவாக, "சாப்பிடறேன் அப்பா" என்றாள்.

அப்பா என்பதும் நல்ல வார்த்தைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த அறையில் நான் வாயைத் திறப்பதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்பேன், நன்றாக இருக்கிறது என்பாள். உடம்பு எப்படி என்று அவள் கேட்பாள், நன்றாக இருக்கிறது என்பேன். அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கும். இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்ப்போம். இப்படியே போனால் ஒரு நாள் நான் வருவதும் நின்றுவிடும், அவள் எதிர்பார்ப்பதும் நின்றுவிடும் என்ற பயம் எனக்கு அந்த விசிறிக்குக் கீழேதான் பிடித்தது.

அப்போதுதான் அந்தக் காகிதம் வந்தது. கல்லூரியில் புது நூலகம் கட்டுகிறார்கள், நீங்கள் உதவக்கூடிய வழிகள் இவை என்று எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் தமிழ். அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க யோசித்தேன். முதலில் பணம் என்று போட்டிருந்தது, அதைத் தாண்டிவிட்டேன். அடுத்து செங்கல், சிமெண்டு. ரயில்வே ஜல்லியைத் தவிர என்னைச் சுற்றி வேறு கல் இல்லை, அதுவும் என்னுடையது இல்லை. படித்து முடித்த நல்ல புத்தகங்கள் தரலாமாம். நான் படித்து முடித்ததெல்லாம் பொட்டலக் காகிதம். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துச் சேர்த்து வைத்துத் தரலாம் என்றிருந்தது. அதைச் செய்தேன். ஒற்றை ஆள் உலையில் ஒரு பிடி எடுத்தால் அரை வயிறுதான் மிஞ்சும், பரவாயில்லை என்று சேர்த்தேன். மாதக் கடைசியில் பார்த்தால் டப்பாவில் வண்டு ஓடுகிறது.

ஜெபம் செய்தும் உதவலாம் என்று ஒரு வரி. எந்தச் சாமியிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மீன்காரம்மா வேதக்காரம்மா, அவளிடம் கேட்டேன்.

"அத நான் பாத்துக்கறேன் நைனா," என்றாள். "எங்க மாதாவாண்ட உம் பேரையும் சேத்து சொல்லிடறேன். நீ போய் புச்சா அறிமுகம் பண்ணிக்கினு இருக்காத."

கடைசி வரியில், உபயோகித்த தபால்தலைகளை வீசாமல் சேர்த்து அனுப்புங்கள் என்றிருந்தது. சிஸ்டர்கள் அவற்றைத் தரம் பிரித்து, வெளிநாட்டில் சேகரிக்கிறவர்களுக்கு விற்று, அந்தப் பணத்தைக் கட்டிடத்துக்குப் போடுவார்களாம். எனக்கு வரும் தபால் மகள் எழுதும் கார்டு மட்டும்தான். கார்டில் ஒட்டின தலை கிடையாது. ஆனால் கேட்டில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தபால் வருமே என்று தோன்றியது.

மறுநாளே கேட்க ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். நிலக்காரர்கள் இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். லாரிக்காரர்கள் தங்கள் முதலாளி ஆபீஸ் குப்பைக்கூடையைக் காலி செய்துகொண்டு வந்தார்கள். புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியின் குமாஸ்தா, மூக்குக்கண்ணாடி போட்டவர், சைக்கிளில் வருவார். மெஷின் சம்பந்தமாக ஜெர்மனியிலிருந்து வரும் கவர்களின் தலைகளைக் கிழித்து எனக்குக் கொண்டுவருவார். என் மகளுக்கு இதை எழுதினேன். அந்த வாரத்திலிருந்து அவள் கார்டில் எழுதுவதை விட்டுவிட்டுக் கவரில் எழுதினாள். இருபது பைசா, ஆகாய விமானம் போட்ட தலை. எனக்கு ஒரு தலை சேரட்டும் என்றுதான்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தலைகளை அவசரமாகக் கிழித்துக் கொடுப்பார்கள் அல்லவா, ஒரு ஓரத்தில் பல் பல்லாக இருக்கும், ஒரு ஓரத்தில் பிய்ந்திருக்கும். இதை இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் பழந்துணியைத் துவைக்காமல் தானம் செய்கிற மாதிரி அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது. கும்மிடிப்பூண்டி முடிவெட்டுகிறவரிடம் ஒரு பழைய கத்தரிக்கோல் வாங்கினேன். பகல் பாசஞ்சர் போனபிறகு அடுத்த வண்டிக்கு நிறைய நேரம் இருக்கும். அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தலைகளை ஊறப்போட்டு, காகிதத்தை உரித்து, துண்டில் உலர்த்தி, கைவிளக்கின் அடியில் வைத்து அழுத்துவேன். பிறகு பழைய ரயில் டிக்கெட் அட்டை ஒன்றை மேலே வைத்து, அதன் ஓரத்தோடு ஓரமாக, நாலு பக்கமும் பல்லை வெட்டி எடுத்துவிடுவேன். சீட்டுக்கட்டு மாதிரி நேராக வந்துவிடும். ஊதா நூலால் கட்டி ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவேன்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் வயதானவர், மலையாள தேசத்துக்காரர். பார்வையாளர் அறைக்கே வந்து கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். "நல்ல அழகாயிட்டு இருக்கு," என்பார். மகள் பக்கத்தில் நின்று, "இந்த மாசம் கட்டு பெருசா இருக்கே அப்பா," என்பாள். ஆமாம் என்பேன். இந்த நாலு வார்த்தை கிடைத்தது எனக்குப் பெரிய விஷயம். கொண்டுவந்து கொடுக்கிறவன் என்ற யோக்கியதையில் அந்த பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விசிறி அப்படியேதான் சுற்றியது. ஆனாலும் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது.

ஒரு நாள் மத்தியானம் கேட்டு மூடியிருந்தது. குமாஸ்தா வெயில் தாங்காமல் என் அறைக்குள் வந்து நின்றார். கட்டிலில் வெட்டின தலைகள் அடுக்கியிருந்தன. குனிந்து ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இன்னா கேட்டுக்காரரே, இதுக்கு யாரு முடி வெட்னது?"

நான்தான் என்றேன், பெருமையாகவே. ஓரமெல்லாம் கோணலாக இருக்கிறது, பார்க்க லட்சணமாக இல்லை, அதனால் என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இதைச் சேகரிக்கிறவன் முதலில் பார்ப்பதே இந்தப் பல்லைத்தான், ஒரு பல் குறைந்தாலே தள்ளிவிடுவான், எல்லாப் பல்லும் போனதைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டான் என்றார். அதற்குள் வண்டி வந்தது, கொடியோடு ஓடினேன். அது போனதும் கேட்டை ஏற்றினேன். அவர் சைக்கிளில் ஏறினபின் திரும்பிப் பார்த்து, "நான் குட்த்த ஜெர்மனி ஸ்டாம்பயுமா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் பின்னால் லாரி ஹாரன் அடித்தது, போய்விட்டார்.

இரண்டு வருஷம் கொண்டுபோய்க் கொடுத்தது அத்தனையும் குப்பை. அதைவிட, அந்த சிஸ்டர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாரே, அது கண்முன்னால் வந்து வந்து நின்றது. இலவசமாகப் படிக்கிற பெண்ணின் தகப்பன் குப்பையைக் கட்டிக் கொண்டுவருகிறான், பாவம் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு இது தெரிந்தால் அவள் தலை இன்னும் எவ்வளவு குனியும்?

மீன்காரம்மாவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல?

"நைனா, நாத்தம் புட்ச்ச மீனா இருந்தா அன்னிக்கே திருப்பிக் குட்த்திருப்பாங்க," என்றாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. "வெச்சிக்கினாங்க இல்ல? இத்தப் போயி பேஜாரு பண்ணிக்கினு."

அந்த முதல் ஞாயிறு வெறுங்கையோடு போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது, மீஞ்சூரிலும் தோன்றியது. பார்வையாளர் அறையில் என் பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் வந்தாள். அவள் பின்னாலேயே சிஸ்டரும் வந்து, பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினார். நான் எழுந்து நின்று, இத்தனை நாள் பல்லை வெட்டித் தெரியாமல் கெடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த அறையில் நான் சேர்ந்தாற்போலப் பேசின முதல் பேச்சு அது.

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, என் மகளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் அப்பா," என்றாள் அவள். "முதல் கட்டு வந்தப்பவே தெரியும்." நூலகத்தில் தலைகளைத் தரம் பிரிக்கிற வேலையே அவளுடையதுதானாம். சம்பளம் கட்டாத பெண்கள் சாயங்காலம் ஏதாவது ஒரு வேலை செய்வார்கள், இவளுக்கு அந்த மேஜை.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ வரமாட்டே."

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொன்னேரியும் மீஞ்சூரும் ஞாபகத்துக்கு வந்தன.

சிஸ்டர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவே பெஞ்சில் வைத்தார். "விற்க முடியாது," என்றார். "வீசிக் களையவும் மனசு வரலை." வைத்துவிட்டு வேறு பெற்றோரைப் பார்க்கப் போய்விட்டார். மூடியைத் திறந்தேன். என் ஊதா நூல் கட்டுகள், ஒன்றுகூடப் பிரிக்காமல்.

அப்புறம் அவள் ஒரு கட்டைப் பிரித்து ஒரு தலையை எடுத்தாள். மாம்பழம் போட்டது. "இது யாரோடதுப்பா?" என்று கேட்டாள். சும்மா, ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டிருப்பாள்.

யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிலக்காரருடையது. அவருடைய தம்பி வரப்புத் தகராறில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தான், ரிஜிஸ்தர் தபாலில். அதிலிருந்து கிழித்துக் கொடுத்தபோது அவர், "எந்தம்பி எனக்கு மாம்பழம் அனுப்ச்சிருக்கான் பாரு, நீயும் ஒண்ணு துன்னு," என்றார். அதை அப்படியே அவர் குரலில் சொன்னேன். என்னையறியாமல் என் கேட்டுக் குரல் வந்துவிட்டது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.

ரயில் எஞ்சின் போட்டவை இரண்டு, ஜோடியாக. மீன்காரம்மாவின் மகன் பம்பாயிலிருந்து இரண்டு வருஷம் கழித்து எழுதின முதல் கவர். நான்தான் அவளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் தலைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, "நெதம் இத்தினி வண்டி போவுது, ஒரு வண்டிகூட எம் புள்ளைய இட்டாரல. காயிதத்துல மட்டும் ரெண்டு எஞ்சினு வருது, அதுவும் பொகையே இல்லாம," என்றாள். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அப்புறம் அந்தம்மா இன்னா சொன்னாங்க நைனா?" என்று கேட்டாள். பக்கத்து பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கஞ்சிச் சட்டைக்காரர் ஒருவர் தன் பெண்ணோடு பேசுவதை விட்டுவிட்டு எங்கள் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஆள் தெரிந்தது, அவர் அன்றைக்குச் சொன்னது தெரிந்தது. பாதி டப்பா தாண்டவில்லை, நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது. ஒரு லாரி டிரைவரின் கல்யாணக் கதையில் இருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது என்பது வரைக்கும் சொல்லியிருந்தேன். அவள் எழுந்து உள்ளே போக வேண்டியிருந்தது. கேட்டில் எனக்கு நடக்கிறது அன்றைக்கு அவளுக்கு நடந்தது.

அதற்குப் பிறகு கத்தரிக்கோலை முடிவெட்டுகிறவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கேட்டு மூடின நேரங்களில் குமாஸ்தா, பல் போகாமல் எப்படி ஊறப்போடுவது, எப்படி உலர்த்துவது என்று சொல்லிக் கொடுத்தார். ஜெர்மனி விஷயத்தில் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை, கொடுப்பதையும் நிறுத்தவில்லை. பிஸ்கட் டப்பா மகளிடம் இருந்தது; அடுத்தடுத்த ஞாயிறுகளில் புதுத் தலைகளின் கதைகளே நேரத்தை எடுத்துக்கொண்டன, பழையவை விட்ட இடத்திலேயே நின்றன. பல்லோடு கொண்டுபோன தலைகள் விற்றன என்று சிஸ்டர் சொன்னார். நூலகமும் எழும்பியது. ஒரு ஞாயிறு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இதில் என் தலைகள் எத்தனை செங்கல் ஆகியிருக்கும் என்று கேட்க ஆசை, கேட்கவில்லை.

மகள் படிப்பு முடிந்து, மேலே படித்து, அந்த சிஸ்டர்களுக்கே வடக்கே இருந்த இன்னொரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். அங்கே ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். போகட்டுமா என்று என்னைக் கேட்டாள். கொடுக்கிறவன் என்று நான் பேர் எடுத்தாயிற்றே, போ என்றேன். இரண்டு ராத்திரி, ஒரு பகல் ரயில் பயணம். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். போகும்போது அந்த பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ரிடையர் ஆனதும் கேட்டு அறையைக் காலி செய்து, திருநின்றவூரில் ஓர் அறை எடுத்தேன். ஸ்டேஷனுக்குக் கிட்டே. வண்டி சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. இங்கே ஜனங்கள் மெட்ராஸ் வண்டியைப் பிடிக்க ஓடுவார்கள், நிற்கமாட்டார்கள். யாரையும் பத்து நிமிஷம் நிறுத்திவைக்க என் கையில் இப்போது கேட்டு இல்லை. வாடகைக்கு இருக்கிற மற்றவர்கள் நல்லவர்கள்தான், வணக்கம் சொல்வார்கள். தபால்காரர் கொண்டுவரும் மகளின் கவர்களில் உள்ள தலைகளையும், எதிர்க் கடைக்காரர் தருவதையும் மாதாமாதம் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வயதான சிஸ்டர் இல்லை, வேறு யாரோ இரண்டு வரியில் நன்றி எழுதுவார்கள்.

டப்பாவைப் பகலில் எப்போதாவது திறப்பேன். எடுத்து எடுத்து, இது யாருடையது, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கேட்க ஆள் இல்லாவிட்டால் சொல்கிறவனுக்கும் மறந்துபோகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் ஓர் ஆகாய விமானத் தலை கைக்கு வந்தது, நாலு பக்கமும் சீராக வெட்டினது. எவ்வளவு யோசித்தும் ஆள் வரவில்லை. குமாஸ்தாவா, லாரிக்காரரா, யாருமே முகம் காட்டவில்லை. அன்று முழுக்க மனது ஒரு மாதிரியாக இருந்தது. மகளுக்கு எழுதினேன்: அன்றைக்கு உனக்கு நான் சொன்னதில் விமானத் தலை ஒன்று உண்டா, அது யார் கொடுத்தது என்று சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. சௌக்கியம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தாள். "அதை நீ சொல்லவே இல்லை. அந்தக் கட்டுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அது யாரும் கொடுத்தது இல்லை நைனா. நான் உனக்கு எழுதின கவரில் ஒட்டினது, எப்பவும் விமானம்தானே ஒட்டுவேன். அதையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கே. லாரி டிரைவருக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா, எழுது."

அவள் கவரைக் கிண்ணத்தில் ஊறப்போட்டேன். தலை மெதுவாகப் பிரிந்து மேலே வந்தது, எல்லாப் பல்லோடும். துண்டில் வைத்து உலர்த்தினேன். அந்த மாதம் கல்லூரிக்கு ஒரு தலை குறைவாக அனுப்பினேன்.